இரை உண்ண மறுக்கும் லோஹான் மீன்

1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான லோஹான் மீனை நம் பிள்ளைகள் ஆசையுடன் வளர்ப்பதுண்டு. அது திடீரென இரை உண்ண மறுத்தால், பதற்றமுற்று மேலும் மேலும் இரையிடுதல் கூடாது. உண்ணாத இரை அழுகினால் நீரில் அம்மோனியா என்னும் நஞ்சு பெருகி மீனைக் கொல்லும். நன்கு வளர்ந்த மீனோ சில நாள் பட்டினியைத் தாங்கவல்லது.

ஆகவே, முதலில் எஞ்சிய இரையை அகற்றுக. பின்னர் நீரில் கால் பங்கை மாற்றுக; குழாய் நீராயின் குளோரின் நீக்கும் மருந்திட்ட பின்னரே ஊற்றுதல் வேண்டும். வெப்பம் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நன்று. புதிதாக வாங்கிய மீனாயின், தொட்டியின் ஒரு புறத்தைத் துணியால் மறைத்து அமைதியாக விடுக. இரண்டு நாள் கழித்துச் சிறிதளவு இறால் கொடுத்துப் பார்க்கலாம்.

கழிவு வெண்ணூல்போல் தொடர்ந்து வெளிப்பட்டாலோ, தலையில் குழிகள் தோன்றினாலோ, அது நோயாக இருக்கலாம். தாமே மருந்திடாது, மீன் வளர்ப்பில் தேர்ந்தோரை நாடுக. நாள்தோறும் இரையிடும் பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பிப்பீர்களாக.