புல்லட்டின் இழுவை எங்கே போய்விடுகிறது?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் வண்டிகளில் ஒரு பழைய புல்லட் இருந்தால் கண் அதைத் தேட வேண்டியதில்லை, காது காட்டிக்கொடுத்துவிடும். நிமிடத்துக்கு 900 சுற்றுகள் என்றால் நொடிக்கு ஏழெட்டு வெடிப்புகள்தான். கொஞ்சம் முயன்றால் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பச்சை விழுந்ததும் நல்ல புல்லட் அலட்டிக்கொள்ளாமல் கிளம்பிப் போகும். கவனிப்பில்லாத புல்லட் முக்கும், இருமும், இரண்டாவது கியரில் தயங்கும். “புல்லிங் இல்லை” என்பார்கள் மெக்கானிக்குகள். அந்தப் புல்லிங் எங்கே போயிற்று?

நமக்கு உறவுக்கார வண்டி இது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கத் தொடங்கின. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. சென்னையில் நிற்கவில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த 346 சிசி இன்ஜினின் உட்குழல் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒடுங்கி நீண்ட வாகு.

முறுக்குவிசை என்பதைப் புரிந்துகொள்ளச் செக்கை நினைத்தால் போதும். மாடு எவ்வளவு பலமாக இழுக்கிறது, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று இழுக்கிறது, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது அது. புல்லட்டின் கிராங்க் கை 90-இல் பாதி, 45 மில்லிமீட்டர். மாட்டின் வேலையை எரியும் வாயு செய்கிறது. இதே அளவுகளோடு பின்னாளில் வந்த இன்ஜினுக்கு நிறுவனம் சொன்ன உச்ச முறுக்குவிசை 4000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையைத் தொங்கவிட்டால் அதே அளவு கிடைத்துவிடும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 28-ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், வெடித்து இறங்கும் ஒவ்வொரு வீச்சிலும் பிஸ்டன் தலைமேல் சராசரியாக 400 கிலோ எடை, அதாவது ஓர் எருமையின் எடை, அழுத்தியாக வேண்டும். சிராங்கூன் சாலையோரத் தேக்காவில் பஃப்ளோ ரோடும் கெர்பாவ் ரோடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். மாட்டு வியாபாரம் கொழித்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்கள். அங்கே நின்ற எருமைகளில் ஒன்று, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு தட்டின்மேல் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 4000 சுற்றில் அது நொடிக்கு 33 முறை நடக்கிறது.

இழுவை குறைந்தால், அந்த எருமை முழு எடையையும் வைத்து நிற்கவில்லை என்று பொருள். முதல் சந்தேகம் கசிவின் மேல் விழ வேண்டும். தேய்ந்த ரிங்கு, சரியாக உட்காராத வால்வு என்று அழுத்தம் நழுவ வழிகள் பல. கைதேர்ந்தவர்கள் கருவி எதுவும் எடுப்பதற்கு முன் கிக்கர் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். அழுத்தம் நிற்கும் இன்ஜின் ஆளைச் சில நொடி தாங்கும். கசியும் இன்ஜின் உஸ்ஸென்று இறக்கிவிடும்.

அடுத்து டைமிங். எனக்கு மிகவும் வியப்பான பகுதி இதுதான். பெட்ரோல் ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கில் பிறந்த தீ சிலிண்டருக்குள் பரவி முடிய மில்லிநொடிகள் ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கிராங்க் சுமார் 15 பாகை திரும்பியிருக்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் முழுப் பயன். அதற்குப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். பழைய 350-இல் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போதே பொறி. வேகம் கூடக் கூட இன்னும் முன்னால். திறந்து இந்தப் பொறியை விழவைக்கும் பாயிண்ட்டுகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேம் மேல் உரசும் ஃபைபர் குதிங்கால் மெல்ல மெல்லத் தேயும், இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாகும். பிஸ்டன் ஓடிப்போன பிறகு தீ துரத்திக்கொண்டு வரும். மயிரிழைத் தேய்மானம் ஒரு வண்டியின் சுறுசுறுப்பையே தின்றுவிடுகிறது. ஓட்டுபவருக்கோ அது தெரியாது, ஏனென்றால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கிறது.

இந்த நிலையில் பலர் பெரிய கார்புரேட்டரையும் அடைப்பில்லாத சைலன்சரையும் தேடிப் போகிறார்கள். சத்தம் கூடுகிறது, சிக்னலில் கிளம்பும் இழுவை குறைகிறது. காரணம் காற்றின் உந்தம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். குறுகிய குழாயில் விரைந்து வரும் கலவை, வந்த வேகத்திலேயே தன்னை உள்ளே திணித்துக்கொள்ளும். குழாயை அகலமாக்கினால், குறைந்த சுற்றில் அந்த ஓட்டம் சோம்பிவிடுகிறது. திணிப்பும் இல்லை, பெட்ரோல் துளிகள் நன்றாக உடைவதும் இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வரம்புள்ள நகரச் சாலையில் 5000 சுற்றுக்கு மேல் கிடைக்கும் பலனால் யாருக்கு என்ன லாபம்?

கம்ப்ரெஷனைக் கூட்டுவது நேர்மையான வழி. 6.5 மடங்கு அமுக்கத்தை 8.5 ஆக்கினால் ஏட்டுக் கணக்கில் இழுவை ஒன்பது சதவிகிதம் கூடும், எல்லாச் சுற்றிலும். மட்டமான பெட்ரோலுக்கென்று வடித்த பழைய இன்ஜின் அது. இங்கே 95, 98 ஆக்டேன் பெட்ரோல் கிடைப்பதால் இன்ஜின் தட்டும் பயம் குறைவு. ஆனால் இதே ஊர் இன்னொரு பக்கம் வசூலித்துவிடுகிறது. 32 பாகை வெயிலில் காற்று விரிந்து மெலிகிறது. அதற்குள் நீராவியும் இடம் பிடிக்கிறது. 15 பாகைக் குளிரில் ஓடும் வண்டியோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு மூச்சிலும் எட்டொன்பது சதவிகித ஆக்சிஜன் நமக்குக் குறைவு.

ஃப்ளைவீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்லட்டின் கனத்த ஃப்ளைவீல் தரும் நிதானத்தைப் பலர் முறுக்குவிசை என்றே நம்புகிறார்கள். நான்கு வீச்சில் ஒன்றுதான் தள்ளுகிறது. மற்ற மூன்றையும் சேமித்த சுழற்சியால் கடத்துவது ஃப்ளைவீல். அது சம்பாதிப்பதில்லை, சேர்த்துவைத்துக் கொடுக்கிறது. மூன்றாவது கியரில் ஊர்ந்து போகும்போதும் வண்டி அடங்காமல் நகர்வது அந்தச் சேமிப்பினால்தான்.

சிங்கப்பூரில் நினைத்தபடி இன்ஜினை மாற்றவும் முடியாது. திருத்தங்களுக்கும் சைலன்சருக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. 400 சிசியைத் தாண்டினால் உரிமத்தின் வகுப்பே மாறும். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பின் சாலைக்கு வர முடியாது; கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே இங்கே இழுவையைத் தேடுபவர் புதிய பாகத்தை விடப் பழுதுபார்ப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். தொலைந்ததில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

ஞாயிறு காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சிலிண்டரின் வலப்பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு புஷ்ராடுகள் நிற்கும். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, அவற்றை இரு விரலால் உருட்டுங்கள். மேலும் கீழும் ஆடக் கூடாது, விரலுக்கு உருள வேண்டும். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை. சூடேறும்போது சிலிண்டர் நீண்டு, தேவையான இடைவெளியைத் தானே தந்துவிடும். புஷ்ராடின் அளவைச் சரிசெய்து, அதைப் பூட்டும் நட்டை இறுக்கிய பிறகு ஒருமுறை மறுபடி உருட்டிப் பாருங்கள். இறுக்கும்போதுதான் அளவு நழுவும்.