கை நகராத ரெக்கார்ட் பிளேயர்: கடைக்குக் கொடுக்கும் முன்

1970-களில் வந்த டூயல் நிறுவனத்தின் தானியங்கி டர்ன்டேபிள்களுக்கு வயதானால் வரும் கோளாறு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை, அதாவது டோன்ஆர்ம், எழும்பும். ஆனால் தட்டின் பக்கம் நகராது. எழுந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்துவிடும். உள்ளே ஏதோ பெரிதாக முறிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். முறிந்தது எதுவும் இல்லை. கையைத் தள்ளும் நெம்புகோலில் மிகச் சிறிய ரப்பர் உறை ஒன்று மாட்டியிருக்கும். வயதானதும் அது இறுகிப் பொடிந்துவிடும். பிடிமானம் போனதும் கை நகர மறுக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் இயங்கிய அந்த நிறுவனம் 1982-ல் நொடித்துப்போனது. ஆனாலும் அந்த ரப்பர் துண்டைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அது கைக்குக் கிடைக்காதவர்கள் ஒயரின் மேலுறையையோ சைக்கிள் வால்வு டியூபையோ நறுக்கி மாட்டி ஓட்டுகிறார்கள்.

இதே பிளேயரை விவரம் தெரியாத கடையில் கொடுத்தால், "ஆர்ம் முழுசா போச்சு, மாத்தணும்" என்று பதில் வர வாய்ப்பு அதிகம். பல சமயம் அது ஏமாற்றுகூட இல்லை. அந்தக் கடைக்காரர் இப்படியொரு இயந்திரத்தை அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். பணம் கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பரணில் கிடந்த எச்.எம்.வி. ஃபியஸ்டாவை இறக்கித் துடைப்பவர்கள், டெக்னிக்ஸ், கரார்ட், தோரன்ஸ் என்று பழைய ரகங்களைத் தேடி வாங்குபவர்கள் என ரெக்கார்ட் பிளேயருக்கு மறுபடி ஆள் சேர்ந்திருக்கிறது. 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 வரிசையை 2010-ல் நிறுத்திய நிறுவனமே 2016-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆள் கூடிய வேகத்தில் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் கூடவில்லை. இடைவெளி விழுந்திருப்பது அங்கேதான்.

டோன்ஆர்ம் பார்க்க ஒரு குழாய் போலத்தான் இருக்கும். அதன் வேலை நுட்பமானது. எல்.பி. தட்டின் பள்ளத்தில் ஓடும் உருண்டை ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ்களில் காந்த வகைகள் பலவற்றில் அந்த முனை தட்டின்மேல் அழுத்த வேண்டியது ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான். அந்த எடையைக் கூடாமல் குறையாமல் காக்க, பின்னால் ஓர் எதிர்எடை. நடுவில், தட்டு சுழலும்போது கையை உள்நோக்கி இழுக்கும் விசையைச் சமன்செய்யும் ஆன்டிஸ்கேட். மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையின்றி அசைய நுண்ணிய பேரிங்குகள். இவற்றில் எது கெட்டாலும் முதலில் தேய்வது தட்டு. இயந்திரம் இன்னொன்று வாங்கலாம். 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எல்.பி. கீறிப்போனால் இன்னொன்று தேடிப் பிடிக்க வேண்டும்.

ஊசி குதித்தால் நம் வீடுகளில் செய்த வைத்தியம் நினைவிருக்கும்: கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் தலையில் ஒரு நாலணா. அந்தக் காசின் எடை சுமார் 2.5 கிராம். இரண்டு கிராம் அழுத்தத்துக்கு வடிவமைத்த ஊசி அதற்குப் பிறகு நான்கரை கிராமோடு பள்ளத்தை உழுகிறது. கனமான செராமிக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய பழைய சூட்கேஸ் பிளேயர்கள் அதையும் ஓரளவு தாங்கின. காந்த கார்ட்ரிட்ஜ் தாங்காது. அழுத்தத்தை அளவுக்குக் கீழே குறைப்பதும் நல்லதல்ல. ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளி, சுவர்களைச் சிதைக்கும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எடையை, சிறிய டிஜிட்டல் ஊசித் தராசில் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. 78 சுழற்சித் தட்டுகளுக்கு ஊசியே வேறு. அதன் முனை எல்.பி. ஊசியைவிடச் சுமார் நான்கு மடங்கு பருமன். செராமிக் கார்ட்ரிட்ஜில் 78, எல்.பி. என்று புரட்டிப்போடும் சிறு பிடி இருந்தால், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசிக்கு மூடி இருந்தால் மாட்டிக்கொண்டு, ஆன்டிஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, எதிர்எடையைத் திருகி, கை தராசு முள் போல அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். இப்போது லேசாக ஊதினால் கை தடையின்றி நகர வேண்டும். ஓரிடத்தில் தயங்கினாலோ முட்டி நின்றாலோ பேரிங்கிலோ உள்ளே செல்லும் ஒயரிலோ சிக்கல். ஹெட்ஷெல்லைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் 'டிக்' என்று ஆட்டம் தெரிகிறதா? பேரிங் தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒலி இல்லையென்றால், கார்ட்ரிட்ஜின் பின்புறம் செருகியிருக்கும் நான்கு ஒயர்களில் இடது ஜோடியையும் வலது ஜோடியையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. மௌனம் மறுபக்கம் தாவினால் குற்றவாளி கார்ட்ரிட்ஜ். தாவாமல் அதே பக்கம் நின்றால் கோளாறு ஒயரிலோ இணைப்பிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறது. ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதன் நான்கு ஊசித் தொடுமுனைகளைச் சுத்தமாகத் துடைத்து மாட்டியதுமே பிழைத்துக்கொண்ட பிளேயர்களுக்குக் கணக்கில்லை.

இந்தச் சோதனைகளால் கிடைக்கும் பெரிய லாபம், கடையில் பேசும்போது கையில் ஒரு விவரம் இருப்பது. "பாட மாட்டேங்குது" என்று கொடுப்பவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "இடது சேனல் வரலை, கார்ட்ரிட்ஜ் நல்லா இருக்கு" என்று கொடுப்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

கெட்டதைவிடக் கெடுத்ததால் போன ஆர்ம்கள் அதிகம். பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் விடுவது, துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிப்பது இரண்டுமே தவறு. தூசி ஒட்டி நாளடைவில் பசையாகிவிடும். கையை மெதுவாக இறக்கும் லீவர் 'தொப்'பென்று விழுந்தால், அதற்கென்று உள்ள கெட்டியான சிலிகான் திரவம் வற்றியிருக்கும். அதற்கு வேறு எண்ணெய் மாற்றாகாது. கார்ட்ரிட்ஜ் பின்களில் நேரடியாகச் சால்டர் வைத்தால் அந்தச் சூடு உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளைக் கொன்றுவிடும். பேரிங் திருகை ஒரு நூல் அதிகம் இறுக்கினால் மணிகளின் பாதையில் பள்ளம் விழும். பிறகு தளர்த்தினாலும் பயனில்லை. சில பிரிட்டிஷ் ஆர்ம்களில், எடுத்துக்காட்டாக எஸ்.எம்.இ. 3009-ன் பிந்தைய ரகங்களில், எதிர்எடையைத் தாங்கும் ரப்பர் இளகி, வால் தொங்கிப்போகும். அங்கேயும் மாற்ற வேண்டியது ரப்பரைத்தான். எஸ்.எம்.இ. நிறுவனம் 2019 டிசம்பரில் ஆர்ம்களைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் கையில் இருப்பதைக் காப்பாற்றுவதில் இன்னும் கவனம் தேவை.

கூரியர் இன்னொரு கண்டம். எதிர்எடையையும் தட்டுமேடையையும் கழற்றாமல், கையைக் கட்டாமல் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினால், வழியெல்லாம் ஆடும் எடை பேரிங்கைப் பதம் பார்த்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அனுப்பும்போது பொருளின் மதிப்பை எழுத்தில் அறிவிக்காதவர், பிறகு இழப்பீடு கேட்கும்போது சிரமப்படுவார்.

உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்றும் இருக்கிறது. பழைய வால்வு ரெக்கார்ட் பிளேயர்கள் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு மின்சாரம் நேரே உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை மாற்றிச் செருகினால் சட்டம் முழுதும் 230 வோல்ட். இத்தகைய பெட்டியைத் திறப்பது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரின் வேலை. 'உம்' என்ற இரைச்சலைப் போக்க ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னைத் துண்டிக்கும் 'டெக்னிக்'கும் அப்படித்தான் ஆளைக் கொல்லும். டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையில் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் அந்த இரைச்சல் அடங்கும். ஜப்பானிலிருந்து வந்த பழைய பிளேயர் 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்கப் பிளேயர் 120 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான பழைய சின்க்ரனஸ் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ சுற்று சுமார் 27.8 ஆகிவிடும். பாட்டு இழுப்பதைக் கேட்டு ஆர்மைக் குறை சொல்லிப் பயனில்லை. மோட்டார் கப்பியை மாற்ற வேண்டும்.

உதிரிபாகத்தில் நடக்கும் விளையாட்டு தனி. ஷ்யூர் நிறுவனம் 2018-ல் கார்ட்ரிட்ஜ், ஊசித் தயாரிப்பிலிருந்தே விலகிவிட்டது. ஆகவே இன்று 'ஒரிஜினல் ஷ்யூர் ஊசி, புதுசு' என்று யாராவது கொடுத்தால், அது பழைய இருப்பாக இருக்கலாம், அல்லது போலியாக இருக்கலாம். ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே பொருத்தமான ஊசிகளைச் செய்கிறார்கள். அவற்றை வாங்குவதில் தவறே இல்லை. அசல் என்ற பெயரில் மாற்றை விற்பதுதான் குற்றம். ரசீதில் 'ஒரிஜினல்' அல்லது 'பொருந்தும் மாற்று' என்று எழுதித்தரச் சொன்னால் பாதி உண்மை அங்கேயே வெளியே வந்துவிடும்.

இனி உரிமை. பிளேயரைப் பழுதுக்குக் கொடுத்ததும் அது கடைக்காரருடையதாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன்படி அது ஒப்படைக்கப்பட்ட பொருள். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ளும் கடமை 151-ஆம் பிரிவின்படி கடைக்காரருக்கு உண்டு. "எங்க கடையில் வைக்கிற பொருளுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று சுவரில் போர்டு மாட்டிவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. கடைக்காரருக்கும் உரிமை இருக்கிறது: உழைப்பும் திறமையும் செலுத்தி வேலையை முடித்தவர், கூலி கிடைக்கும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது 170-ஆம் பிரிவு. வேலையே செய்யாமல், 'பார்த்ததற்கு' என்று பெருந்தொகை கேட்டுப் பொருளை மடக்கி வைப்பவருக்கு இந்தப் பிரிவு துணை வராது. பார்ப்பதற்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதைக் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிட்டால் தகராறே வராது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, காசு வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுவேலை ஒரு சேவை. அதில் கவனக்குறைவு இருந்தால் அது சேவைக் குறைபாடு. ரசீது தராமல் மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று இந்தச் சட்டம் சொல்கிறது. இந்த ஒரு வரி பலருக்குத் தெரிவதில்லை. நண்பர் இலவசமாகப் பார்த்துக் கொடுத்ததில் கெட்டுப்போனால் இந்தச் சட்டத்தின் கீழ் வர முடியாது. ஓய்வுபெற்ற ஒருவர் தன் சொந்த பிளேயரை விளம்பரம் போட்டு விற்றிருந்தாலும் ஏறக்குறைய அதே நிலைதான். அவர் வணிகர் அல்ல. அவர் பொய் சொல்லி விற்றார் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் மோசடிப் பிரிவைக்கொண்டு சிவில் வழியில் போக வேண்டும். அதனால் தனிநபரிடம் வாங்கும்போது கை சரியாக ஏறி இறங்குவதை நேரில் பார்த்து, வீடியோ எடுத்து, பிறகு பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

'பழுதுபார்க்கும் உரிமை' என்று அரசே ஒரு இணையதளத்தை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது உண்மைதான். அது இன்று சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் பழுது விவரங்களைத் திரட்டித் தருவது. கடையை மூடிவிட்ட கம்பெனியின் ஐம்பது வருட ஆர்முக்கு அங்கே பாகம் கிடைக்காது.

வழக்கில் நிற்பது காகிதம். கொடுக்கும் முன் பிளேயரை நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். வரிசை எண், கார்ட்ரிட்ஜின் பெயர், ஹெட்ஷெல், எதிர்எடை எல்லாமே படத்தில் தெரிய வேண்டும். நல்ல கார்ட்ரிட்ஜ் உள்ளே போய்ச் சாதாரணமானது வெளியே வந்தால், நிரூபிக்க வேறு வழி இல்லை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்வது நல்லது. வேலை கெட்டுப்போனதாகத் தெரிந்தால், வேறொரு அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டி, என்ன நடந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். அதற்குள் அதை மறுபடி சரிசெய்துவிட்டால் சாட்சி அழிந்துவிடும்.

முதலில் கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் கிடையாது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும், தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். "அடுத்த வாரம் வாங்க", "பார்ட் இன்னும் வரலை" என்ற பேச்சிலேயே ஒரு வருடம் ஓடிவிடும் தொழில் இது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்பதை அது தக்க காரணமாக ஏற்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.