குளிராத இரவுகளில் குளிர்நாட்டுச் செடிகள்

வாரயிறுதியில் எந்தச் செடிக்கடைக்குப் போனாலும் லாவண்டர் தொட்டிகள் வரிசையாக நிற்கும். வாங்கிப் போனவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான்: இரண்டு வாரம் மணத்தது, மூன்றாம் வாரம் அடியிலிருந்து கறுத்தது, அடுத்த மாதம் குப்பைக்குப் போனது. "இந்த ஊர் வெயிலைத் தாங்கவில்லை" என்று எல்லாரும் வெயிலின்மேல் பழி போடுகிறார்கள். வெயில் பாவம்! லாவண்டர் பிறந்த மத்தியதரைக் கடலோரத்தில் கோடைப் பகல் கொளுத்தும். நம் ஊரில் வழக்கமான 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் அதற்குப் புதிதல்ல.

அதற்குப் புதியது நம் இரவு.

செடி பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை சேர்க்கிறது. இரவில் அதில் ஒரு பங்கை எரித்து உயிர் வாழ்கிறது. இரவு எவ்வளவு சூடோ, எரிப்பும் அவ்வளவு அதிகம். பகல் முழுவதும் சம்பாதித்ததை இரவில் செலவழித்துவிட்டால் பூவுக்கும் பழத்துக்கும் என்ன மிஞ்சும்? சிங்கப்பூரின் பதிவான வரலாற்றில் வெப்பம் 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதே இல்லை. சாதாரண இரவில் 24, 25 டிகிரிதான். போதாததற்குக் காற்றில் ஈரம். லாவண்டர் போன்ற செடிகளின் வேர் காய்ந்த மண்ணுக்குப் பழகியது. நம் ஊரில் மண் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

இரவைக் குளிர்விக்கப் பலர் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். சிலர் தொட்டியில் ஐஸ் கட்டி வைப்பார்கள். அது கரைந்த கொஞ்ச நேரத்தில் மண் பழைய சூட்டுக்கு வந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல மண்தொட்டியும் குளிரும் என்பது இன்னொரு நம்பிக்கை. மதுரைக் கோடையில் அது சரி. அங்கே காற்று உலர்ந்திருப்பதால் நீர் ஆவியாகி, கூடவே சூட்டையும் எடுத்துச் செல்கிறது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆவியாவதற்கு இடமே இல்லை. மண்தொட்டி வேர் அழுகாமல் காக்கும், குளிர்விக்காது.

உயரம்தான் இயற்கையான குளிர்சாதனம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே இரவில் 15 டிகிரி சர்வசாதாரணம். அதனால்தான் நம் ஊரில் இலை மட்டும் விட்டு நிற்கும் ஸ்ட்ராபெர்ரி அங்கே காய்த்துத் தள்ளுகிறது.

என் பாட்டி கேமரனில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முழங்கால் வலியால் இப்போது மலைப்பாதைப் பயணம் முடிவதில்லை. அவர் கேட்பது ஸ்ட்ராபெர்ரி அல்ல, சாமந்தி. "கடையில வாங்குறது வேணாம்பா. வீட்டுல பூத்ததா இருக்கணும்" என்பார். பொங்கல் வந்தால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். சென்ற ஆண்டு இதைக் கையில் எடுத்தேன்.

கேமரன் மலைக்கு இரவில் போயிருந்தால், பள்ளத்தாக்கில் பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் வரிசையாக விளக்குகள் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல சாமந்தித் தோட்டங்கள். சாமந்தி இரவின் நீளத்தை அளக்கும் செடி. தொடர்ந்து நீண்ட இருட்டு கிடைத்தால் மொட்டு விடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேர இரவு என்பதால், சும்மா விட்டால் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடும். அதை யார் வாங்குவார்கள்? எனவே விவசாயிகள் நள்ளிரவில் விளக்குப் போட்டு இருட்டை உடைக்கிறார்கள். தண்டு போதுமான அளவு நீண்டதும் விளக்கை அணைக்கிறார்கள். செடியை ஏமாற்றும் கலை இது.

எங்கள் வீவக தாழ்வாரத்தில் நிலைமை தலைகீழ். விளக்கு இரவு முழுவதும் எரியும். அதை அணைப்பது என் கையில் இல்லை. அந்த மங்கலான வெளிச்சமே சாமந்தியின் கணக்கைக் குழப்பப் போதும். ஆகவே மாலை 7 மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை 7 மணிக்கு எடுத்தேன். பத்து வாரம். பாடச்சுமை கூடிய நாள்களில் பாட்டியே பெட்டியைக் கவிழ்த்தார். இளஞ்சிவப்பு என்று சொல்லி விற்கப்பட்ட ரகம் பூத்தது. சிறிய பூ, ஏறக்குறைய வெள்ளை. சூடான இரவில் அந்த நிறமி சரியாக உருவாவதில்லை. பாட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கேமரன் பூ இல்ல. கேமரனப் பத்திக் கேள்விப்பட்ட பூ" என்றார். ஆனால் சாமி படத்துக்கு அதைத்தான் வைத்தார்.

இருட்டைப் போலியாகச் செய்ய முடிந்தது, குளிரைச் செய்ய முடியவில்லை. நம் தட்பவெப்பத்துக்கு வெளியே உள்ள ஒரு செடியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: இந்தச் செடி எந்தச் சைகைக்காகக் காத்திருக்கிறது, அதை என்னால் தர முடியுமா?

ஆப்பிள் குளிர்காலச் சைகைக்குக் காத்திருக்கும். பல ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் விழிப்பதில்லை. ஆனால் கிழக்கு ஜாவாவில் மாலாங் நகருக்கு அருகேயுள்ள பத்து மலைப்பகுதியில், டச்சுக்காரர் காலத்திலிருந்து ஆப்பிள் பயிராகிறது. அங்கே உறைபனிக்காலம் கிடையாது. அறுவடை முடிந்த சில வாரங்களில் விவசாயிகள் மரத்தின் இலைகள் அத்தனையையும் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் உறக்கத்துக்குள் ஆழ்வதற்குமுன் மொட்டுகள் தட்டியெழுப்பப்பட்டுப் பூக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு அறுவடை! குளிர்நாட்டு ஆப்பிள் விவசாயிக்கு ஒன்றுதான். இதைப் படித்தபோது நம் தாழ்வார விளையாட்டெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. அங்கே அது பல தலைமுறைகளின் பிழைப்பு. இப்போது மலையும் சூடேறி வருகிறது. விளைச்சல் குறைந்ததால் பலர் ஆப்பிளை வெட்டிவிட்டு ஆரஞ்சு வைத்துவிட்டார்கள். இலையை உருவ மனிதக் கை போதும். மலையை யார் குளிர்விப்பது?

துலிப் பற்றி ஒரே வரி: கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்தால் பூக்கும், ஒரு வாரம் நிற்கும், பிறகு கிழங்கு வீண். அந்த ஆசைக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் இருக்கவே இருக்கின்றன.

மாணவர் பட்ஜெட்டில், ஒரு தொட்டியில் ஏதாவது வைக்க வேண்டுமென்றால் நான் சொல்வது சீமை அத்தி. மத்தியதரைக் கடல்பக்கத்து மரம்தான், ஆனால் மிகக் குறைந்த குளிரே அதற்குப் போதும். குளிரே இல்லாவிட்டாலும் வளரும். 'பிரவுன் டர்க்கி' போன்ற ரகங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும். 'ஸ்மிர்னா' வகையைத் தவிர்த்துவிடுங்கள், அதற்கென்றே உள்ள குளவி இல்லாமல் காய் உதிர்ந்துவிடும். புதுக்கிளையில்தான் காய் வரும் என்பதால் கத்தரிக்கத் தயங்கக் கூடாது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது துருநோய். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இனி வேருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடிவரும். நடைவழியில் 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே உயரமான, ஒல்லியான தொட்டியே நல்லது.

எங்கள் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் அத்திக்குக் கவலையில்லை. அதன்பின் சூரியன் தெற்கே போய்விடும். பக்கத்துப் புளோக்கில் தெற்குப் பார்த்த வீட்டு அங்கிள் ஒருவர் ஆறு மாதத்துக்குத் தொட்டியை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். வாடகை, பழத்தில் பாதி.