சிறு நிலத்துக்கு எந்த டிராக்டர்?

நாட்டுக் கலப்பையைக் கொண்டு ஓர் ஏக்கர் நிலத்தை ஒரு முறை உழுவதற்கு உழவர் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தூரம் நடக்கவேண்டும். சாலின் அகலம் ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டு எவரும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஓர் உழவோடு நிலம் விதைப்புக்குத் தயாராவதுமில்லை. மறுஉழவு, மூன்றாம் உழவு என்று அந்த நடை நீண்டுகொண்டே போகும். ஒரு ஜோடி எருதுகள் நாள் முழுவதும் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி ஒரு குதிரைச்சக்தியைத் தாண்டுவது அரிது. ஆகவே, டிராக்டர் தேவையா என்னும் கேள்விக்கு நம் கிராமங்கள் எப்போதோ விடை கூறிவிட்டன. இன்று எஞ்சியிருக்கும் கேள்வி, எவ்வளவு பெரிய டிராக்டர், அது யாருடையதாக இருக்கவேண்டும் என்பதேயாகும்.

2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரிடம் உள்ள நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்நிலத்தை ஈடாக வைத்துக் கடனில் டிராக்டர் வாங்குவோர் உண்டு. பருவம் பொய்த்து இரண்டு தவணைகள் நின்றுபோனால், உழுவதற்காக வாங்கிய பொறி உழவேண்டிய நிலத்தையே கேட்கத் தொடங்கிவிடும். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் டிராக்டர்களை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். அவற்றில் பழுதானவை சிலவே. வேலை போதாமல் நிற்பவையே பல. ஆதலின் குதிரைச்சக்தியைப் பற்றிப் பேசுமுன் மணிக்கணக்கைப் பற்றிப் பேசுவது நன்று.

நெல் சாகுபடி செய்யும் நான்கு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். புழுதி உழவு, சேற்றுழவு, பரம்படித்தல் எல்லாம் சேர்த்து ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ஐந்து மணி நேரம் என்று கொண்டால், இரு போகத்துக்கும் ஏக்கருக்குப் பத்து மணி ஆகிறது. நான்கு ஏக்கருக்கு 40 மணி. எரு ஏற்றுதல், மூட்டை ஏற்றுதல் முதலியவற்றுக்கு 20 மணி சேர்த்தால் ஆண்டுக்கு 60 மணி வேலை. வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய் செலவாகும்.

இனி, அதே உழவர் ஆறு லட்சம் ரூபாய்க்கு ஒரு டிராக்டர் வாங்குவதாகக் கொள்வோம். பத்தாண்டு கழித்து அது 60,000 ரூபாய்க்கு விலைபோகும் என்றால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 54,000 ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து வீதம் சராசரியாக 33,000 ரூபாய். காப்பீடு, கொட்டகை, சில்லறைச் செலவு 10,000 ரூபாய். ஒரு சொட்டு டீசல் ஊற்றுமுன்பே ஆண்டுச் செலவு 97,000 ரூபாய் ஆகிவிடுகிறது. டீசல், எண்ணெய், ஓட்டுநர் கூலி ஆகியவற்றுக்கு மணிக்கு 500 ரூபாய் சேர்த்தால், 60 மணிக்கு மொத்தம் 1,27,000 ரூபாய். வாடகைக்கு அமர்த்தியிருந்தால் ஆகும் செலவைப் போல் இது இரு மடங்குக்கும் மேல்.

இந்த எண்கள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையையும் வாடகையையும் இட்டு மாற்றிக்கொள்ளலாம். வழி மாறாது. சொந்த டிராக்டரில் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 500 ரூபாய் மிச்சமாகிறது; 97,000 ரூபாயை அந்த மிச்சத்தால் ஈடுசெய்ய ஏறக்குறைய 200 மணி ஓடவேண்டும். உழவு மணிகளை மட்டும் கொண்டால், இருபது ஏக்கர் இருபோக நிலம் உடையவருக்கோ, அல்லது நான்கு ஏக்கர்க்காரர் ஐவர் ஒன்றுசேர்ந்தாலோதான் வரவும் செலவும் சரியாகும். பிறர் நிலத்தை உழுது எஞ்சிய மணிகளை நிரப்பிவிடலாம் என்று சொல்வோர் உண்டு. நிரப்பலாம். ஆனால் அது உழவுத்தொழில் அன்று; வாடகைத் தொழில். பாக்கி வசூல், ஓட்டுநர், இரவில் உடையும் உதிரிப்பாகம் எல்லாம் அத்தொழிலுடன் வரும். இரண்டு தொழிலையும் நடத்த மனமும் ஆளும் உள்ளவர் மட்டும் அவ்வழியில் இறங்கலாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சிறு உழவர் ஏன் டிராக்டர் வாங்குகிறார்? பெருமைக்காக என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமன்று. உண்மையான காரணம் வேறு. 150 ஏக்கர் நஞ்சையுள்ள ஒரு கிராமத்துக்கு மேற்சொன்ன கணக்குப்படி ஆண்டுக்கு 1,500 மணி உழவு வேலை. ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி வீதம் பத்தாண்டு உழைக்கும் என்று வேளாண் பொறியியல் நூல்கள் கணக்கிடுகின்றன. அப்படியானால் அந்த ஊருக்கு ஒன்றரை டிராக்டர் போதும். ஆனால் மழை விழுந்தோ வாய்க்காலில் தண்ணீர் வந்தோ நடவு முடியவேண்டிய காலம் இருபது நாள் என்றால், நாளைக்கு எட்டு மணி வீதம் ஒரு டிராக்டர் அக்காலத்தில் ஓடுவது 160 மணி. அது தயார் செய்வது 32 ஏக்கர். 150 ஏக்கருக்கு ஐந்து டிராக்டர் வேண்டியிருக்கிறது! ஆண்டுக் கணக்கு ஒன்றரை என்கிறது. பருவக் கணக்கு ஐந்து என்கிறது. இந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொள்பவர் ஒன்றரை ஏக்கர்க்காரர். வாடகை டிராக்டர் முதலில் பெரிய நிலத்துக்குப் போகும். இவர் முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும், அல்லது நாற்று முற்றிவிடும். அந்த வேதனையால்தான் கடன் வாங்கியாவது சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறார்.

இதற்குப் பரிகாரம் தனிமனிதர் கையில் இல்லை. ஊர் கையில் இருக்கிறது. வயல்கள் அடுத்தடுத்துள்ள பத்துப் பேர் ஒரே நாளில் அடுத்தடுத்து உழுதுகொள்ள உடன்பட்டால், டிராக்டர் இங்கும் அங்கும் அலைவதும் திரும்புவதும் குறையும். தலைமடையில் தொடங்கி, தண்ணீர் போகும் வரிசையிலேயே டிராக்டரும் போகுமாறு ஊர்க் கூட்டத்தில் முறை வகுக்கலாம். புழுதி உழவைக் கோடைமழையிலேயே முடித்துக்கொண்டால், நடவுக் காலத்தில் சேற்றுழவு மட்டுமே மிஞ்சும். இருபது நாளில் ஐந்து டிராக்டர் தேவைப்பட்ட இடத்தில் மூன்றே போதுமானதாகலாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு அளிக்கிறது. உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதி வழியாக இவற்றுக்குப் பதிவு செய்யலாம். 2014-15இல் தொடங்கிய வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் ஊர்தோறும் வாடகை மையங்கள் அமைக்கவும், தனிநபர்கள் பொறி வாங்கவும் மானியம் வழங்கப்பட்டது. தனிநபருக்கு வரம்புக்குட்பட்டு 40 முதல் 50 விழுக்காடு வரை என்பது அதன் விதி. மானியம் உண்டு என்பதற்காகவே தேவைக்கு மீறிய பொறியை வாங்குதல் தகாது. பாதி விலைக்கு வாங்கிய சுமையும் சுமையே. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததையும் இவ்வாறே கருதவேண்டும்.

இனி, கணக்கெல்லாம் போட்டு, வாங்குவது என்று தீர்மானித்தவர்களுக்காகச் சில கூறுவோம்.

விளம்பரத்தில் காணும் குதிரைச்சக்தி எஞ்சினுடையது. பின்புறத்தில் பி.டி.ஓ. எனப்படும் சுழல் தண்டில் கிடைப்பது அதில் ஏறக்குறைய 85 விழுக்காடு. மண்ணில் சக்கரம் பற்றிக் கலப்பையை இழுக்கும்போது கிடைப்பது இன்னும் குறைவு. இளகிய நிலத்தில் சக்கர வழுக்கலில் பெரும் பங்கு வீணாகும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் 1955இல் நிறுவப்பட்ட மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. சுழல் தண்டில் கிடைத்த சக்தி, எரிபொருள் செலவு, இழுவிசை, தூக்குந்திறன் ஆகியவை அதில் காணப்படும். விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்; கேட்க வெட்கப்படவேண்டியதில்லை.

முதலில் கருவியைத் தேர்ந்து, பிறகு அதற்கேற்ற டிராக்டரைத் தேடுவதே முறை. ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் ஐந்தடி ரோட்டவேட்டருக்கும் 40 குதிரைச்சக்தி அளவில் வேண்டும். ஐந்து கொத்துக் கலப்பைக்கும் மூன்றடி ரோட்டவேட்டருக்கும் 20 குதிரைச்சக்தி உள்ள சிறிய டிராக்டர் போதும். இரண்டு மீட்டர் அகலக் கலப்பையுடன் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் டிராக்டர் கணக்குப்படி ஒரு மணியில் ஒரு ஹெக்டேர் உழவேண்டும். திரும்புவதிலும் சால் மேல் சால் விழுவதிலும் கால் பங்கு போய், ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல் மிஞ்சும். நிலம் சிறுத்து வரப்பு நெருங்க நெருங்கப் பெரிய டிராக்டர் திரும்பியே பொழுதைக் கழிக்கும். பத்து சென்ட் வயலில் அதன் நான்கு மூலைகளையும் பிறகு மண்வெட்டியால் கொத்தவேண்டியிருப்பதை உழவர்கள் அறிவார்கள்.

மண்ணின் குணம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிக் களிமண் வயலில் சேற்றுழவுக்கு எடை குறைந்த பொறி நல்லது. 40 குதிரைச்சக்தி டிராக்டர் இரண்டு டன்னை நெருங்கும். சிறியது ஒரு டன்னுக்கும் குறைவு. கனத்த டிராக்டர் ஆண்டுதோறும் சேற்றில் ஓடினால் உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகிக் கெட்டிப்படும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்பதற்கு அது ஓரளவு உதவினாலும், பின்னால் போடும் உளுந்துக்கும் பருத்திக்கும் வேர் இறங்க வழியிராது. பவர் டில்லர் இத்தகைய சிறு சேற்று வயல்களுக்கே ஏற்றது. ஆனால் பெரும்பாலும் பின்னால் நடந்தே ஓட்டவேண்டும் என்பதால் ஓட்டுபவரின் உடம்பை அது சோதிக்கும். விருதுநகர், தூத்துக்குடி மானாவாரிக் கரிசலில் நிலைமை நேர்மாறு. அங்கு ஈரம் நிற்கும் சில நாட்களுக்குள் பரந்த பரப்பை ஆழ உழவேண்டும். சிறிய டிராக்டர் திணறும். அங்கு வாடகைக்குப் பெரிய டிராக்டரே தக்கது. வாழை, கரும்பு, மஞ்சள் முதலியவற்றில் வரிசைகளுக்கிடையே களை எடுக்க விரும்புவோர் முதலில் தம் வரிசை இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போகவேண்டும். மூன்று, நான்கடி அகலமுள்ள சிறிய டிராக்டர் உண்டு. நாலடி இடைவெளியில் நாலடி டிராக்டர் போகாது என்பதைக் கடையில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம்.

சிறிய டிராக்டர் ஏளனத்துக்குரியதன்று. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்னும் பொறியாளர், கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைத்து, மண்ணின் இழுப்பே பின்சக்கரத்தை அழுத்துமாறு செய்தார். அதனால் கனமில்லாத டிராக்டரும் வழுக்காமல் உழ முடிந்தது. 1939இல் இவ்வமைப்புடன் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு டிராக்டருக்கு இருபதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைச்சக்தியே இருந்தது. இன்று நம் ஊர்களில் ஓடும் ஏறக்குறைய எல்லா டிராக்டர்களின் பின்னும் அந்த மூன்று புள்ளி இணைப்பே காணப்படுகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய டிராக்டர், இரு சக்கரம் மட்டும் இழுக்கும் சற்றுப் பெரியதைவிடச் சேற்றில் நன்றாக வேலை செய்வதும் உண்டு. விலை கூடுதல் என்பது உண்மை.

எந்தப் பெயருடைய டிராக்டர் சிறந்தது என்று நம்மிடம் கேட்பவர்கள் பலர். பழுது பார்க்கும் மெக்கானிக்கும் உதிரிப்பாகக் கடையும் எந்த டிராக்டருக்கு அருகில் உள்ளனவோ அதுவே அந்த ஊருக்குச் சிறந்தது. நடவு வாரத்தில் கிளட்ச் தட்டுக்காக மூன்று நாள் காத்திருப்பவர், கடையில் பெற்ற பத்தாயிரம் ரூபாய்த் தள்ளுபடியை மறந்துபோவார். வாங்குமுன் சொந்த வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும். பழைய டிராக்டர் வாங்குவோர், கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பார்க்கவேண்டும். கலப்பை விரைவாகக் கீழே இறங்கினால் தூக்கியில் கோளாறு. பதிவுச் சான்றில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

ஓட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள் போதும். கயிறோ சங்கிலியோ கட்டி இழுக்கும்போது, கீழேயுள்ள இழுசட்டத்தில்தான் கட்டவேண்டும். உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடும். சுழல் தண்டின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர், தம் தோளில் கிடக்கும் துண்டும் இடுப்பு வேட்டியும் அந்தத் தண்டுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை. சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீலுடன் தார்ச்சாலையில் டிராக்டர் ஓடுவதால் சாலை சிதைகிறது என்று பஞ்சாயத்துகள் பலவும் குறைபடுகின்றன. குறை நியாயமானதே. ஆனால் வயலருகில் சக்கரம் மாற்றிக்கொள்ள ஒரு சிறு மேடையும், வயலில் இறங்க ஒரு சரிவும் இல்லாத இடத்தில் ஓட்டுநர் வேறு என்ன செய்வார்? அதைவிட முக்கியம் வண்டிப்பாதை. உட்புறமுள்ள சிறு வயல்களுக்கு டிராக்டர் போக வழியில்லாமல், முன்வயல்காரர் அறுவடை முடியும்வரை பின்வயல்காரர் காத்திருக்கிறார். வாய்க்காலின் மேல் பாலம் இல்லாததால் பயிர் மிதிபட்டு வழக்குகளும் எழுகின்றன. பெரிய டிராக்டருக்கு எட்டடிப் பாதையும், கலப்பையுடன் இரண்டரை டன் தாங்கும் பாலமும் வேண்டும். சிறியதற்கு ஐந்தடிப் பாதையே போதும். ஊரின் வயல் வரைபடத்தை எடுத்து வைத்து, எந்தெந்த வயலுக்கு எந்தப் பொறி போகமுடியும் என்று ஒருமுறை குறித்துப் பார்த்தால், அந்த ஊருக்கு எந்த டிராக்டர் பொருந்தும் என்பதும், எந்த இடத்தில் பாலம் வேண்டும் என்பதும் ஒருங்கே தெரிந்துவிடும்.