பெட்ர் செக்: கோல் விடாத 202 ஆட்டங்கள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியில், எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாமல் அதிக ஆட்டங்களை முடித்த கோல்கீப்பர் பெட்ர் செக். 2004 முதல் 2019 வரை செல்சி, ஆர்சனல் என்ற இரண்டு லண்டன் அணிகளுக்காக அந்தப் போட்டியில் 443 முறை களமிறங்கினார். அவற்றில் 202 ஆட்டங்களில் அவர் காத்த வலைக்குள் பந்து போகவில்லை. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் டேவிட் ஜேம்ஸின் கணக்கு 169. செக் குடியரசின் தேசிய அணிக்காக அவர் ஆடிய 124 ஆட்டங்களும் அந்த நாட்டில் வேறு எவரும் எட்டாத எண்ணிக்கை.

கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எவ்வளவு நெடிய மனிதராக இருந்தாலும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு இவ்வளவு பெரிய வாயிலை அடைத்துவிட முடியாது. அதனால் கோல்கீப்பர் வேலையின் பெரும்பகுதி, பந்து உதைபடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பந்தோடு ஓடி வருபவரை நோக்கி இரண்டு எட்டு முன்னே வந்தால், அவர் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி சுருங்கும். இன்னும் இரண்டு எட்டு கூடுதலாக வந்துவிட்டாலோ, தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிடுவார். பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வரும் பந்தைப் பிடிக்க வெளியே பாய்வதா, கோட்டிலேயே நிற்பதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஓயாமல் குரல் கொடுத்தபடி இருக்க வேண்டும்.

காற்றில் பறந்து பந்தைத் தட்டிவிடும் காட்சிகள்தான் ரசிகர்கள் மனத்தில் நிற்கின்றன. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பவருக்குப் பறக்க வேண்டிய தேவை குறைவு. 1.96 மீட்டர் உயரமுள்ள செக் அந்த வகையைச் சேர்ந்தவர். அவர் கைக்குப் பந்து தானாக வந்து சேர்ந்ததுபோல் தோன்றிய எத்தனையோ தருணங்களுக்குப் பின்னால் முன்கூட்டிய கணிப்பும், எதிரணியைப் பற்றிய கவனமான படிப்பும் இருந்தன. அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள இதுவே சரியான வழி.

அவர் பிறந்தது 1982 மே 20 அன்று, அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவின் பில்சன் நகரில். ஏழு வயதில் உள்ளூர் அணியில் சேர்ந்தபோது கோல் அடிக்கும் முன்வரிசையில்தான் ஆடினார். பத்து வயதில் கால் முறிந்தது. அதற்குப் பிறகே கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றார். 17 வயதில் பிளஷானி என்ற சிற்றூரின் அணிக்காக நாட்டின் முதல்நிலைப் போட்டியில் அறிமுகமானார். 2001-ல் தலைநகர் பிராகாவின் புகழ்பெற்ற ஸ்பார்ட்டா அணி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 903 நிமிடங்கள் கோல் விடாமல் காத்து அந்த நாட்டின் பழைய சாதனையை முறியடித்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

2002 மே மாதம் சுவிட்சர்லாந்தில் நடந்த 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் செக் குடியரசும் பிரான்சும் மோதின. ஆட்டம் பெனால்டி உதைகளுக்குப் போனது. எதிரணியின் உதைகளைத் தடுத்துக் கோப்பையைத் தன் அணிக்கு வாங்கித் தந்தார் செக். அதே ஆண்டில் பிரான்சின் ரென் அணி அவரை விலைக்கு வாங்கியது. அப்போது அது பட்டியலின் அடிப்பகுதியில் தத்தளித்துக்கொண்டிருந்த அணி. அப்படிப்பட்ட அணியின் கோல்கீப்பருக்கு ஓய்வே கிடைக்காது. வாரந்தோறும் பந்து அவரைத் தேடி வந்துகொண்டே இருக்கும். இளம் வயதில் இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் அமைவது அரிது. கோல்கீப்பர்களுக்கான பயிற்சியாளர் கிறிஸ்டோஃப் லோலிஷோனின் துணையும் ரென்னில்தான் கிடைத்தது. பின்னாளில் லோலிஷோனும் செல்சிக்கு வந்து சேர்ந்தார். வீடியோ பதிவுகளை அலசி ஆராய்ந்து பயிற்சி தருபவர் அவர். கணித்து ஆடும் செக்குக்கு அது இயல்பாகப் பொருந்தியது.

2004-ல் போர்ச்சுகலில் நடந்த யூரோ கோப்பையில் செக் குடியரசு அரையிறுதி வரை வந்தது. அங்கே கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் கிரீஸின் டெல்லாஸ் தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் தோற்று வெளியேறியது. அந்தக் கோடையில் செக் செல்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த அணியில் ஏற்கெனவே கார்லோ குடிச்சினி என்ற நல்ல கோல்கீப்பர் இருந்தார். அவருக்கு முழங்கையில் காயம் ஏற்பட்டதால் முதல் வாய்ப்பு செக்குக்குக் கிடைத்தது. 2004 ஆகஸ்ட் 15 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் செல்சி 1-0 என்று வென்றது. அதன் பிறகு பத்து ஆண்டுகள் அந்த இடம் அவருடையதாகவே இருந்தது.

முதல் பருவத்திலேயே அவர் செய்தது இன்றும் வியப்பூட்டுகிறது. 2004 டிசம்பரிலிருந்து 2005 மார்ச் வரை லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 1,025 நிமிடங்கள், அதாவது 17 மணி நேரத்துக்கும் மேல், எவராலும் அவரைத் தாண்டிக் கோல் அடிக்க முடியவில்லை. அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களில் செல்சி விட்டது வெறும் 15 கோல்கள். பிரீமியர் லீக் வரலாற்றில் அதைவிடக் குறைவாக எந்த அணியும் விட்டதில்லை. செக் மட்டும் 24 ஆட்டங்களில் கோல் விடாமல் காத்தார். ஜோசே மொரின்யோவின் பயிற்சியும், ஜான் டெர்ரி, ரிக்கார்டோ கர்வால்யோ, குளோட் மக்கெலெலே ஆகியோர் எழுப்பிய அரணும் அதற்குப் பெரிதும் உதவின. சாதனை முழுவதையும் கோல்கீப்பர் கணக்கில் மட்டும் எழுதுவது முறையல்ல. ஆனால் இப்படிப்பட்ட அணியின் கோல்கீப்பருக்கு வேறொரு சோதனை உண்டு. எண்பது நிமிடம் வேலையே இல்லாமல் நின்றுவிட்டு, எண்பத்தோராவது நிமிடத்தில் வரும் ஒரே பந்தைத் தவறாமல் தடுக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்குப் பிறகு செல்சி லீக் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டும் அதைத் தக்கவைத்துக்கொண்டது.

2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் அணியின் மைதானத்தில் அவர் வாழ்க்கை திசைமாறியது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தரையில் உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்தபோது, ஓடி வந்த ஸ்டீபன் ஹன்ட்டின் முழங்கால் அவர் தலையில் மோதியது. மண்டை ஓடு உள்ளழுந்தி முறிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அவசர அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்குப் பதிலாக இறங்கிய குடிச்சினியும் அதே ஆட்டத்தில் மோதி நினைவிழக்க, கடைசி நிமிடங்களில் தடுப்பாட்டக்காரர் டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நிற்க நேர்ந்தது.

மூன்று மாதங்களுக்குச் சற்று அதிகமான இடைவெளிக்குப் பிறகு, 2007 ஜனவரி 20 அன்று லிவர்பூல் அணிக்கு எதிராக செக் மீண்டும் இறங்கினார். ரக்பி வீரர்கள் அணிவது போன்ற மெத்தை வைத்த தலைக்கவசம் அவர் தலையில் இருந்தது. அன்று செல்சி 2-0 என்று தோற்றது. ஓய்வு பெறும் வரை அந்தக் கவசம் இல்லாமல் அவர் ஆடவில்லை. கோல்கீப்பர் என்பவர் எதிரே ஓடி வரும் கால்களுக்கு நடுவே தலையைக் கொடுத்துப் பந்தை அள்ளுபவர். மண்டை ஓடு முறிந்த ஒருவர் மறுபடியும் தயங்காமல் அதே இடத்தில் தலையைக் கொடுப்பதற்கு வேண்டிய துணிவை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. அதே ஆண்டு மே மாதம், புதிதாகக் கட்டப்பட்ட வெம்ப்ளி அரங்கில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்தி செல்சி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அன்றும் செக் கோல் விடவில்லை.

2008 அவருக்குக் கசப்பான ஆண்டு. மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் பெனால்டி உதைகளில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் உதையை அவர் தடுத்தார். கோப்பையை உறுதிசெய்யக் கூடிய உதையை அடிக்க வந்த டெர்ரி வழுக்கி விழ, பந்து கம்பத்தில் பட்டு வெளியேறியது. முடிவில் மான்செஸ்டர் யுனைடெட் வென்றது. அடுத்த மாதம் ஜெனீவாவில் நடந்த யூரோ ஆட்டத்தில் துருக்கிக்கு எதிராக செக் குடியரசு 2-0 என்று முன்னிலையில் இருந்தது. துருக்கி ஒரு கோலைத் திருப்பிய பின், ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில், உயர்ந்து வந்த சாதாரணமான பந்து ஒன்று செக்கின் கையிலிருந்து நழுவி நிஹாத்தின் காலடியில் விழுந்தது. நிஹாத் அதைக் கோலாக்கினார். அடுத்த சில நிமிடங்களில் இன்னொன்றும் அடித்தார். செக் குடியரசு வெளியேறியது. மற்ற ஆட்டக்காரரின் பிழையைச் சரிசெய்யப் பின்னால் ஒருவர் இருப்பார். கோல்கீப்பருக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2012 மே 19 அன்று, மீண்டும் ஒரு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இம்முறை மியூனிக் நகரில், பயர்ன் மியூனிக் அணியின் சொந்த மைதானத்திலேயே. மறுநாள் செக்குக்கு 30 வயது நிறையவிருந்தது. பயர்ன் வீரர்கள் அடித்த பெனால்டிகளின் வீடியோ தொகுப்பை முன்னதாகவே லோலிஷோன் தயாரித்துக் கொடுத்திருந்தார். யார் எந்தப் பக்கம் அடிக்கிறார், ஓடி வரும்போது எங்கே தயங்குகிறார் என்று செக் படித்துவைத்திருந்தார். 83-வது நிமிடத்தில் தாமஸ் முல்லர் கோல் அடித்தார். 88-வது நிமிடத்தில் டிடியே துரோக்பா சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் பயர்னுக்குப் பெனால்டி கிடைத்தது. முன்பு செல்சியில் செக்கோடு சேர்ந்து ஆடிய அர்யென் ராபன் அதை அடிக்க, செக் பாய்ந்து தடுத்தார்.

பிறகு ஐந்து ஐந்து உதைகள். முதல் மூன்றும் அவரைத் தாண்டிப் போயின. நான்காவதாக வந்த ஒலிச்சின் உதையைத் தடுத்தார். ஐந்தாவதாக வந்த ஷ்வைன்ஸ்டைகரின் பந்து செக்கின் விரல் நுனியில் உரசிக் கம்பத்தில் மோதியது. துரோக்பாவின் கடைசி உதையில் செல்சி முதல் முறையாக ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது. ராபனின் உதையையும் சேர்த்து அன்று செக் எதிர்கொண்ட பெனால்டிகள் ஆறு. ஆறிலும் அவர் பாய்ந்தது பந்து வந்த பக்கம்தான். 11 மீட்டர் தொலைவிலிருந்து வரும் பந்தைப் பார்த்துவிட்டுப் பாய்வதற்கு நேரம் இருக்காது. முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஒன்றிரண்டு சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆறையும் அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு யூரோப்பா லீக் கோப்பையும் செல்சிக்குக் கிடைத்தது. 2014-ல் தீபோ குர்ட்வா என்ற செல்சியின் இளம் பெல்ஜியக் கோல்கீப்பர், மாட்ரிட்டின் அத்லெத்திகோ அணியில் மூன்று ஆண்டுகள் இரவலாக ஆடிவிட்டுத் திரும்பினார். மொரின்யோ அவரைத் தேர்ந்தெடுத்தார். ஓர் அணியில் கோல்கீப்பருக்கு உள்ள இடம் ஒன்றே ஒன்று. பத்தாண்டு உழைத்தவராக இருந்தாலும் அந்த இடம் போனால் மாற்றுவீரர் பெஞ்சில்தான் அமர வேண்டும். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் செக் இறங்கியது ஏழு முறை மட்டுமே. 494 ஆட்டங்களையும், நான்கு லீக் பட்டங்களையும், நான்கு எஃப்.ஏ. கோப்பைகளையும் செல்சியில் விட்டுவிட்டு, 2015-ல் அதே நகரின் ஆர்சனலுக்குப் போனார்.

ஆர்சனலில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவு வலுவான அரணல்ல. இருந்தும் முதல் பருவத்தில், அதிக ஆட்டங்களைக் கோல் விடாமல் முடித்தவருக்கான தங்கக் கையுறை விருதை நான்காம் முறையாக வென்றார். 2018 மார்ச் 11 அன்று வாட்ஃபோர்டுக்கு எதிராக, ட்ராய் டீனியின் பெனால்டியைத் தடுத்து, பிரீமியர் லீக்கில் கோல் விடாத 200-வது ஆட்டத்தை முடித்தார்.

அதற்குள் அந்த வேலையே மாறத் தொடங்கியிருந்தது. தன் அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல் வந்தது. அன்றிலிருந்து கோல்கீப்பருக்குக் கால் திறமையும் மெல்ல மெல்ல அவசியமானது. 2018-ல் ஆர்சனலுக்கு வந்த பயிற்சியாளர் உனாய் எமெரி, தற்காப்புப் பகுதியிலிருந்தே குறும்பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்ப விரும்பினார். கைகளாலும் கணிப்பாலும் பெயர் பெற்ற செக், அழுத்தம் கொடுத்தபடி ஓடி வரும் எதிரணிக்கு நடுவே காலால் பந்தை விநியோகிக்கத் தடுமாறினார். செப்டம்பரில் தொடைத் தசையில் காயம்பட்டதும் பெர்ன்ட் லெனோ அந்த இடத்தைப் பிடித்தார். 2019 ஜனவரியில், பருவம் முடிந்ததும் ஓய்வு பெறப்போவதாக செக் அறிவித்தார். மே 29 அன்று அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டமே அவருடைய கடைசி ஆட்டம். எதிரணி செல்சி. 4-1 என்று ஆர்சனல் தோற்றது.

தேசிய அணியிலிருந்து அவர் 2016-லேயே விலகியிருந்தார். உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு 2006-ல் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது. அதிலும் செக் குடியரசு முதல் சுற்றைத் தாண்டவில்லை. அவர் தரத்தைப் பார்க்கும்போது இது பெருங்குறைதான்.

ஓய்வு பெற்ற சில வாரங்களிலேயே தொழில்நுட்ப ஆலோசகராக செல்சிக்குத் திரும்பினார். 2020-ல் தன் பழைய அணியான ரென்னிலிருந்து எதுவார் மென்டியைக் கோல்கீப்பராக செல்சிக்குக் கொண்டுவந்ததில் அவருக்கும் பங்குண்டு. அடுத்த ஆண்டே மென்டி காத்த செல்சி இரண்டாம் முறை சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. கொரோனா காலத்தில், கோல்கீப்பர்கள் எவருக்காவது தொற்று வந்தால் என்ன செய்வது என்ற முன்னெச்சரிக்கையில், 38 வயது செக்கின் பெயரே மீண்டும் அணிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2021 ஏப்ரலில், பணக்கார அணிகள் மட்டும் தனியே ஆடும் சூப்பர் லீக் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சாலையை மறித்தபோது, கூட்டத்துக்குள் நேரில் போய் அவர்களோடு பேசியவர் அவர். அணியின் உரிமையாளர்கள் மாறியதையடுத்து 2022 ஜூனில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இதற்கிடையே, 2019 அக்டோபரில், சிறு வயதிலிருந்தே விரும்பிய ஐஸ் ஹாக்கியில் இறங்கியிருந்தார். கில்ட்ஃபோர்ட் ஃபீனிக்ஸ் என்ற சிறிய அணிக்காக முதல் ஆட்டத்திலேயே பெனால்டி வாய்ப்புகளைத் தடுத்து வெற்றி தேடித் தந்து ஆட்டநாயகன் ஆனார். ஐஸ் ஹாக்கியின் கோல் வாயில் 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் மட்டுமே கொண்டது. பனித்தளத்தில் சறுக்கி வரும் ரப்பர் வட்டோ பந்தைவிடப் பல மடங்கு சிறியது, வேகமானது. பெரிய வாயிலில் பழகிய கண்ணும் கையும் இந்தச் சிறிய வாயிலுக்குப் புதிதாகப் பழக வேண்டும். நாற்பதை நெருங்கிய வயதில் அடிமட்ட லீக்கிலிருந்து தொடங்கி அணி அணியாக மேலே ஏறிய அவர், 2023 நவம்பரில் பிரிட்டனின் முதல்நிலை ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடும் பெல்ஃபாஸ்ட் ஜெயன்ட்ஸ் அணியில் கோல்கீப்பராகச் சேர்ந்தார்.