போல்ட் மரை போயிடுச்சா? பழைய அம்பாசிடர் ஆயில் கசிவை நிறுத்த இதுதான் வழி!

துணியில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலே பீஸ் ரிஜெக்ட் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால், வாசலில் நிற்கும் அப்பா காலத்து அம்பாசிடருக்கு அடியில் தினமும் ஆயில் சொட்டினால் மட்டும், 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். ஆயில் குறைந்தால் பேரிங் தேயும். முற்றினால் இன்ஜினே ஜாம் ஆகும். 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டதால், இருக்கும் இன்ஜினைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

மரை ஏன் போகிறது?

கசிவைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து இறுக்குவோம். சிக்கலே அங்கேதான்! அளவுக்கு மீறி இறுக்கினால் கார்க் பேக்கிங் பிதுங்கும், சம்ப் தகடு துளையைச் சுற்றி வளையும். கசிவு கூடும். மறுபடி இறுக்குவோம். கடைசியில் மரை அறுந்து, போல்ட் சும்மா சுற்றும். வார்ப்பிரும்பைவிட அலுமினியத்தில் இது சீக்கிரம் நடக்கும்.

டேப் சுற்றுவது, பசை வைப்பதெல்லாம் நாலு நாளைக்குத்தான். பிய்ந்த துண்டு உள்ளே போனால் ஆயில் போகும் வழியை அடைத்துவிடும்.

நிரந்தரத் தீர்வு என்ன?

'ஹெலிகாயில்' எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச்சுருள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென உள்ள டேப்பால் புது மரை வெட்டி, சுருளைத் திருகி உட்காரவைக்க வேண்டும். பழைய அளவு போல்ட்டே மறுபடி பிடிக்கும்.

* முதலில் போல்ட் அளவைப் பாருங்கள். பழைய 1489 சிசி இன்ஜினில் இன்ச் அளவு. 1992-ல் வந்த இசுசூ இன்ஜினில் மில்லிமீட்டர் அளவு. மாற்றிப் போட்டால் நல்ல மரையும் போய்விடும்.

* 1.25 பிட்ச் உள்ள 8 மி.மீ. போல்ட்டுக்கு 8.3 மி.மீ. டிரில் போதும். டிரில் கோணலாக இறங்கக் கூடாது.

* டேப்பில் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

* சுருள், மேல்பரப்புக்குக் கால் சுற்றாவது கீழே இருக்கட்டும். அடியில் உள்ள நாக்கை உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள்.

* வளைந்த சம்ப் விளிம்பை மரக்கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கி, புது பேக்கிங் போடுங்கள்.

பழக்கமில்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் கொடுங்கள். 'ஹெலிகாயில் போடணும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கை பலத்தை நம்பாதீங்க!