வற்றிய எச்சிலில் எது கூடியது?

"அம்மாவுக்கு வாய் எந்நேரமும் வறண்டே கிடக்கிறது. ஷோகிரன் நோயாக இருக்கலாம், கீழுதட்டின் உள்பக்கம் சிறு துணுக்கு எடுத்து பயாப்சி பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். துப்பினாலே கண்டுபிடித்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பாதி உண்மை. அந்தப் பாதி சுவையானது.

உடலின் காவல் அணுக்களே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதுதான் இந்த நோய். ஒன்பது பெண்களுக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் வருகிறது. வரலாறு வேண்டுமென்றால்: ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் 19 பெண்களை ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார்; தேர்வாளர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. போதும், எச்சிலுக்கு வருவோம்.

எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர். மீதியில் புரதங்கள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல். 2008இல் வெளியான பட்டியலில் 1,166. இந்த நோயில் வற்றுவது தண்ணீர். தண்ணீர் வற்றினால் எந்தப் புரதமும் கூடியதுபோலத்தானே தெரியும்? "நோயாளி எச்சிலில் இன்ன புரதம் அதிகம்" என்ற செய்தியைப் படித்ததும் எழ வேண்டிய சந்தேகம் இது.

வத்தக்குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டச் சுண்ட உப்பு, புளி, காரம் மூன்றும் சேர்ந்தே ஏறும். சுண்டிய குழம்பில் காரம் மட்டும் இறங்கியிருந்தால், மிளகாய்த்தூள் போடுகிறவரின் கை ஓய்ந்துவிட்டது. குழம்பில் வெற்றிலைத் துணுக்கும் மிதந்தால், அழையாத கூட்டமொன்று அடுக்களைக்குள் புகுந்து, உட்கார்ந்து, தாம்பூலம் போட்டுக்கொண்டிருக்கிறது.

எச்சிலில் இரண்டுமே நடக்கின்றன. காது அருகிலுள்ள சுரப்பியின் நீரை ஆராய்ந்து 2006இல் வந்த ஆய்வில், அமைலேஸும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-6உம் குறைந்திருந்தன. இரண்டும் சுரப்பி அணுக்களின் சொந்தத் தயாரிப்பு; அதாவது மிளகாய்த்தூள். கூடியவற்றில் ஒன்று பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். இதுதான் வெற்றிலை.

வெறும் 99 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் அது. உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா அணுக்களும் அதை மேலே அணிந்திருக்கின்றன. ஆனால் அணுச்சவ்வில் அதற்கு வேர் கிடையாது. வேரூன்றிய பெரிய புரதம் ஒன்றின் விலாவில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். எளிதில் கழன்று விழும். லிம்போசைட்டுகள் எனும் காவல் அணுக்கள் சுரப்பிக்குள் கூடாரமடித்தால், அவை உதிர்ப்பது எச்சிலில் கலக்கிறது. இது 1975லேயே தெரிந்த சங்கதி. கலிஃபோர்னியாவில் டேவிட் வாங் குழு 2010இல் இதனுடன் கதெப்சின் டி, ஆல்பா எனோலேஸ் என்ற இரு புரதங்களையும் சேர்த்துச் சோதித்தது.

அப்படியானால் பரிசோதனை ஏன் கடைக்கு வரவில்லை? ஈறு வீங்கினாலே இரத்தப் புரதங்கள் எச்சிலில் கசியும். காலை எச்சிலும் மாலை எச்சிலும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆய்வுகள் நோயாளியை ஆரோக்கியமானவரோடு ஒப்பிடுகின்றன. டாக்டர் முன் உட்காருகிறவரோ ஏற்கெனவே வாய் வறண்டவர்! அது சர்க்கரை நோயாலா, மனச்சோர்வு மாத்திரையாலா, அலர்ஜி மாத்திரையாலா, ஷோகிரனாலா என்பதல்லவா கேள்வி? "இத்தனை சதவீதம் துல்லியம்" என்று யாராவது சொன்னால், யாரோடு ஒப்பிட்டு என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆய்வுகளுக்கென 2016இல் வகுத்த சர்வதேச அளவுகோலில் நான்கு மதிப்பெண் தேவை. உதட்டு பயாப்சியில் நோய் தெரிந்தால் மூன்று, ரோ எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருந்தால் மூன்று, எச்சில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டரைத் தாண்டாவிட்டால் ஒன்று. எச்சில் புரதங்களுக்கு இடமே இல்லை.

அவற்றின் உண்மையான வேலை வேறிடத்தில் இருக்கிறது. புது மருந்து சுரப்பிக்குள் கூட்டத்தைக் கலைக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க உதட்டை வெட்டிக்கொண்டிருக்க முடியாது, துப்பச் சொல்லலாம். வாசகரின் அம்மாவுக்கு இன்றைக்கு அது உதவாது. இரத்தத்தில் ரோ எதிர்ப்புப் புரதம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறகும் அவர் பயாப்சிதான் என்றால், எடுத்துவிடுங்கள்.